எழுத்தில தாங்கோ

"இந்தப் பிள்ளைய வச்சுப் பாக்க எங்களிட்ட வசதி இல்லை." "மற்றப் பிள்ளையளின்ர படிப்புக் குழம்பும்." "வேண்டாமெண்டு சொல்லேல்ல, பிள்ளையின்ர நல்லதுக்குத்தான் சொல்லுறம்." "அடுத்த வருஷம் பாப்பம்."

காது கேளாத, பார்வை குறைந்த, நடக்க ஏலாத, ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்கப் போன பெற்றோர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இந்த நாலு வசனத்தில் ஒன்றையாவது கேட்டிருப்பினம். சொல்லுகிறவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. கதிரை தந்து, ஆறுதலாகக் கதைத்து, மெல்லிய குரலில்தான் சொல்லுவார். அம்மாவும் அப்பாவும் "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பி வருவினம். பிள்ளை வீட்டில் இருக்கும். ஒரு வருஷம் போகும், பிறகு இன்னொரு வருஷம். பிறகு, "இனி வயசும் போட்டுது" என்று வேறொரு காரணம் வந்துவிடும்.

அந்த நாலு வசனமும் வாயால் மட்டுமே வரும். அவற்றுக்குத் திகதி இல்லை, கையெழுத்து இல்லை, இறப்பர் முத்திரை இல்லை. நாளைக்கு யாராவது கேட்டால், "அப்பிடி ஒருத்தரும் மறுக்கேல்லையே, அவை பிறகு வரேல்ல" என்று சொல்லிவிடலாம்.

எங்கட நாட்டில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் உரிமை பற்றிப் பேசும்போது, சட்டம் இல்லை என்றும் சட்டம் இருந்தும் பயனில்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சட்டத்தின் வாசலுக்குப் போக முதலே, ஒரு வாய்ச் சொல்லோடு விசயம் முடிந்துவிடுகிறது என்பதை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. மறுக்கிறவர் எழுத்தில் மறுக்கட்டும். பெற்றோர் கேட்பதையும் எழுத்தில் கேட்கட்டும். சின்ன விசயம் போலத் தெரியும். பிள்ளைக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பது பல இடங்களில் இந்தச் சின்ன விசயத்தில்தான் தங்கியிருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

முதலில் இருக்கிறதைப் பார்ப்பம்.

அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு தெளிவாக ஒன்றைச் சொல்கிறது: அங்கவீனத்தைக் காரணமாகக் காட்டி, வேலைக்கு ஆள் எடுப்பதிலோ கல்வி நிறுவனமொன்றுக்கு அனுமதிப்பதிலோ ஒருவருக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது. மற்றப் பொதுமக்கள் போய்வரக்கூடிய கட்டடங்களுக்குள் போவதற்குத் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. இதை மீறினால் பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. கொழும்புக்குப் போகத் தேவையில்லை, தங்கள் மாகாணத்து மேல் நீதிமன்றமே போதும். இந்தச் சட்டம் அரசாங்கப் பாடசாலை, தனியார் பாடசாலை என்று பிரித்துப் பேசவும் இல்லை. கல்வி நிறுவனம் என்றுதான் சொல்கிறது.

அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்று பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்களை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் அங்கவீனம் இல்லை. 12(4) வேறு விதமாக வருகிறது: பெண்கள், பிள்ளைகள், அங்கவீனமுற்றோரின் முன்னேற்றத்துக்காக அரசு விசேட ஏற்பாடு செய்யலாம், அதைச் சமத்துவத்தின் பெயரால் தடுக்க முடியாது. "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, "செய்ய வேண்டும்" என்று இல்லை. எல்லாருக்கும் கல்வியில் சமமான வாய்ப்பு என்பது 27ஆம் உறுப்புரையில் அரசின் வழிகாட்டிக் கோட்பாடாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்பாடுகளைக் கொண்டு நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஆக, பாடசாலைப் பிரச்சினையோடு போகிற பெற்றோர் 12(1)ஐப் பிடித்துக்கொண்டுதான் போக வேணும்.

பாடசாலைக்குப் போவது ஒரு கடமையும்கூட. கட்டாயக் கல்வி 1998இலிருந்து 5 தொடக்கம் 14 வயது வரை என்று இருந்தது, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளையை அனுப்பாமல் விட்டால் பெற்றோரைக் கேள்வி கேட்கிற அரசு, அனுப்ப வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்புகிற பாடசாலையிடமும் அதே கேள்வியைக் கேட்க வேணுமல்லவா?

2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை முழுவதும் கல்வி பற்றியது. இயலாமையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கக்கூடாது, பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துகொடுக்க வேணும் என்கிறது. ஆனால் சர்வதேச ஒப்பந்தம் ஒன்றை உறுதிப்படுத்தினவுடன் அது இங்கே சட்டமாகிவிடாது. பாராளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்ற வேணும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்று வேண்டும் என்ற கதையும் வரைவுகளும் பல வருடங்களாக வந்து போகின்றன.

ஒரு மாதக் கணக்கு

இனி, வாயால் வருகிற மறுப்பு ஏன் இவ்வளவு ஆபத்து என்று பார்ப்பம்.

அரச பாடசாலையோ கல்வி அதிகாரியோ ஒரு பிள்ளையின் அடிப்படை உரிமையை மீறினால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேணும். மீறல் நடந்த நாளிலிருந்து ஒரு மாதம்!

"அடுத்த வருஷம் பாப்பம்" என்ற வசனத்தை இப்போது திரும்ப வாசியுங்கள். அந்த வசனத்தை நம்பி வீட்டுக்குப் போன அம்மா, அடுத்த வருஷம் தை மாதம் திரும்பி வருகிறா. அதற்குள் அந்த ஒரு மாதம் பத்துத் தரம் முடிந்துவிடும். எந்த நாள் மறுத்தார்கள், யார் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று நீதிமன்றம் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அதிபர் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொன்னார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு சொன்ன சொல்லும் பிள்ளையின் உரிமையைக் காலாவதியாக்கிவிடும்.

இந்தக் கணக்கை நிறுத்தி வைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, கண்டி, பதுளை என்று ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாடு செய்யச் சட்டத்தரணி தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். ஆனால் முறைப்பாட்டைக் குடுத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. முறைப்பாடு கிடைத்ததற்கும், விசாரணை நடக்கிறது என்பதற்கும் எழுத்தில் சான்று வாங்கி வைக்க வேணும். பிறகு நீதிமன்றம் போனால் கேட்கப்படுவது அதுதான்.

சரி, எழுத்தில் தரச் சொன்னால் தருவார்களா? பெரும்பாலும் தரமாட்டினம். அதனால் எழுத்து பெற்றோர் பக்கத்திலிருந்து தொடங்க வேணும். "எனது பிள்ளையைத் தரம் ஒன்றுக்கு அனுமதிக்கக் கோருதல்" என்று ஒரு பக்கக் கடிதம். பிள்ளையின் பெயர், வயது, பிள்ளைக்கு என்னென்ன உதவி தேவை, என்னென்ன தானாகச் செய்யும். கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்க வேணும், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்ப வேணும். ஒரு பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. அதிபரோடு நேரில் கதைத்து வந்தால், வீட்டுக்கு வந்தவுடன் இன்னொரு கடிதம்: "இன்று தங்களைச் சந்தித்தபோது இன்ன காரணத்தால் அனுமதிக்க முடியாது எனக் கூறினீர்கள். அதனை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதிபர் பதில் போடாவிட்டாலும் கடிதம் இருக்கிறது, திகதி இருக்கிறது. வாய்ச் சொல் எழுத்துக்கு வந்துவிட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதற்கு உதவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்கலாம்: இந்த வலயத்தில் எத்தனை விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன? விசேட கல்வி ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பாடசாலையில்? எனது பிள்ளையின் விண்ணப்பம் எந்தச் சுற்றறிக்கையின் அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி அறிவிக்க வேணும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "சுற்றறிக்கையில அப்பிடித்தான் இருக்கு" என்று வாயால் சொல்லுகிறவரிடம், அந்தச் சுற்றறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். பாதிச் சுற்றறிக்கைகளில் அப்படி ஒன்றும் இல்லை என்று அப்போது தெரியவந்தாலும் ஆச்சரியப்பட மாட்டம்.

இவ்வளவுக்கும் "பாடசாலையோட பகைக்கச் சொல்லுறீங்களோ?" என்று பெற்றோர் கேட்பினம். அந்தப் பயம் நியாயமானது. பிள்ளை நாளைக்கு அதே அதிபரிடம், அதே ரீச்சரிடம்தான் இருக்கப் போகிறது. ஆனால் கடிதம் எழுதுவது பகை இல்லை. விடுகைப் பத்திரத்துக்கும் புலமைப்பரிசில் பணத்துக்கும் கடிதம் எழுதுகிறோம், அதை யாரும் சண்டை என்று சொல்லுவதில்லை. இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் ஏன் கைகட்டி நின்று வாயால் கேட்டு, வாயால் பதில் வாங்க வேணும்? நாங்கள் அதை உரிமை என்று நினைக்காமல் தயவு என்று பழகிவிட்டதுதான் காரணம்.

சேர்த்த பிறகு

அனுமதி கிடைத்தாலும் கதை முடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். வாசலில் பாரபட்சம் காட்டாதே என்கிறது. உள்ளே போன பிள்ளைக்கு என்ன செய்ய வேணும் என்று பாடசாலைக்கு ஒரு கடமையையும் விவரமாகச் சொல்லவில்லை.

ஐ.நா. சமவாயத்தைக் கண்காணிக்கும் குழு 2016இல் உட்படுத்தல் கல்வி பற்றி ஒரு விளக்கத்தை வெளியிட்டது. அதில் நாலு நிலைகளைப் பிரித்துக் காட்டியிருந்தது. பிள்ளையைச் சேர்க்காமலே விடுவது விலக்கல். தனிப் பாடசாலையில், தனி அறையில் வைப்பது பிரித்துவைத்தல். பொது வகுப்பில் இருத்திவிட்டு, வகுப்புக்கு ஏற்ற மாதிரி நீ மாறிக்கொள் என்று விடுவது இணைத்தல். பிள்ளைக்கு ஏற்ற மாதிரி வகுப்பும் பாடமும் கட்டடமும் மாறுவதுதான் உட்படுத்தல்.

இந்த நாலையும் வைத்து எங்கட பாடசாலைகளைப் பாருங்கள். விசேட கல்வி அலகு இருக்கிற பாடசாலைகளில், அந்த அறை எந்த மூலையில் இருக்கிறது? காலைப் பிரார்த்தனைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் அந்தப் பிள்ளைகள் வருகினமா? ஒரே மதிலுக்குள் இரண்டு பாடசாலை நடக்கிற இடங்கள் எத்தனை! பொது வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கோ, அம்மா விறாந்தையில் காலை 7.30இலிருந்து 1.30 வரை இருக்க வேணும் என்பது எழுதாத நிபந்தனை. அந்த அம்மா வேலைக்குப் போக ஏலாது, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஏலாது. இலவசக் கல்விக்கு அந்த வீடு குடுக்கிற விலை ஒரு முழு ஆளின் உழைப்பு. இந்த நிபந்தனையும் வாயால்தான் வரும்.

விசேட பாடசாலைகளை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், கைதடி நவீல்ட் பாடசாலையும், சுன்னாகம் வாழ்வகமும், கோண்டாவில் சிவபூமியும் இல்லாவிட்டால் எத்தனையோ பேருக்கு எழுத்தும் பிரெய்லும் சைகை மொழியும் கிடைத்திருக்காது. சைகை மொழி பேசுகிற பிள்ளைக்கு அதே மொழி பேசுகிற நண்பர்கள் வேணும் என்பதும் உண்மை. எங்கட கேள்வி வேறு. பிள்ளை அங்கே போனது பெற்றோரும் பிள்ளையும் தெரிவு செய்ததாலா, அல்லது பக்கத்துப் பாடசாலை கதவைச் சாத்தியதாலா? இரண்டாவது என்றால் அதைத் தெரிவு என்று சொல்லக்கூடாது. வன்னியிலோ மலையகத் தோட்டமொன்றிலோ இருக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு விசேட பாடசாலை என்றால், பெரும்பாலும் வீட்டை விட்டு விடுதிக்குப் போவது என்றுதான் அர்த்தம்.

கட்டடத்தையும் பார்ப்பம். பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி செய்ய வேணும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. வந்தும் கட்டடங்கள் பழையபடிதான் எழும்பின. 1992இல் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த அஜித் சி.எஸ். பெரேரா, அதைக் கேட்டு 2009இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிதாகக் கட்டப்படுகிற பொதுக் கட்டடப் பகுதிகள், முக்கியமாக மலசலகூடங்கள், எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேணும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளை போட்டது. அதற்குப் பிறகு உங்கட பாடசாலையில் கட்டின மாடிக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். சரிவுப்பாதை இருக்கிறதா? இருந்தால், அது தனியாக வீல்செயாரில் ஏறக்கூடிய சரிவா, நாலு பேர் தள்ள வேண்டிய சரிவா? மலசலகூடக் கதவு எத்தனை அடி அகலம்? போக இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணி குடிக்காமல் இருக்கிற ஒரு மாணவியிடம் போய், உனக்குக் கல்வியில் சம வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

பரீட்சையிலும் இப்படித்தான். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுத்து உதவியாளர் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்கிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விசேட ஏற்பாடு இருக்கிறது. ஆனால் காலத்தோடு விண்ணப்பிக்க வேணும், மருத்துவச் சான்று வேணும், பாடசாலை கையெழுத்து வைக்க வேணும். பாடசாலைக்கே தெரியாவிட்டால், அல்லது "உவன் எழுதி என்னத்த" என்று யாராவது நினைத்துவிட்டால், விண்ணப்பத் திகதி போய்விடும். இதுவும் கேட்டால்தான் கிடைக்கிற உரிமை.

ரீச்சர்மாரும் மற்றப் பெற்றோரும்

இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்குக் கோபம் வரலாம். "முப்பத்தைஞ்சு பிள்ளையள வச்சுக்கொண்டு, உதவிக்கு ஒருத்தரும் இல்லாம, பயிற்சியும் தராம, இன்னொரு பொறுப்பையும் தலையில வச்சா நாங்கள் என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. ஆசிரியருக்கு உதவி குடுக்காமல் பிள்ளையை மட்டும் வகுப்பில் இருத்துவது, மேலே சொன்ன மூன்றாம் நிலைதான். அது பிள்ளைக்கும் நல்லதில்லை, ஆசிரியருக்கும் நல்லதில்லை.

ஆனால் அந்தக் குறையையும் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் ஆசிரியர்களிடமும் கேட்கிறோம். "இந்தப் பிள்ளையை அனுமதித்துள்ளோம். இவருக்குக் கற்பிக்க இன்ன உதவி தேவை" என்று அதிபர் வலயத்துக்கு எழுதினால், அந்தக் கடிதம் வலயத்துக்கு ஒரு கடமையை உருவாக்கும். பிள்ளையை வாயால் திருப்பி அனுப்பினால், வலயத்தின் கோப்பில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் ஆசிரியர் பதவிக்கும் தேவை இல்லை. ஆசிரியர் இல்லை என்பதால் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. பிள்ளை சேராததால் ஆசிரியர் வருவதில்லை. இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் வெட்ட வேணும். ஆறு வயதுப் பிள்ளையால் அதை வெட்ட ஏலாது.

மற்றப் பெற்றோர் எதிர்ப்பினம் என்பது அடுத்த காரணம். எதிர்ப்பினம்தான். 2016இல் எச்.ஐ.வி. இருப்பதாகப் பரவிய வதந்தியால், தொற்றே இல்லாத ஒரு சிறுவனை மற்றப் பெற்றோரின் எதிர்ப்புக்காகப் பாடசாலைகள் ஏற்காமல் விட்டது இந்த நாட்டில் நடந்தது. அந்த விசயம் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தப் பிள்ளையின் கல்வி உரிமை உறுதியானது. மற்றப் பெற்றோரின் பயமும் விருப்பமின்மையும் ஒரு பிள்ளையின் உரிமையை இல்லாமல் செய்யும் காரணங்கள் அல்ல. இனத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி எங்கட பிள்ளைகளைச் சேர்க்க மாட்டம் என்று யாராவது சொன்ன காலங்களில், அதற்கும் "மற்றப் பெற்றோர் விரும்பேல்ல" என்பதுதான் காரணமாக இருந்தது. அந்தக் காரணத்தின் குணம் எங்களுக்குத் தெரியாததா?

பெற்றோருக்கு ஒரு இடம்

புதிய சட்டம் வருவதென்றால் அதில் என்ன இருக்க வேணும்? மற்ற நாடுகளைப் பார்த்தால் ஒரு யோசனை கிடைக்கும்.

அமெரிக்காவில் 1975இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத்தில் இருக்க வேணும். இந்த வருஷம் பிள்ளை என்ன படிக்கும், அதற்குப் பாடசாலை என்ன உதவி தரும் என்று அதில் இருக்கும். அதைத் தயாரிக்கிற குழுவில் பெற்றோரும் அங்கத்தவர். பாடசாலை வைத்திருக்கிற பதிவுகளைப் பெற்றோர் பார்க்கலாம். உடன்பாடில்லை என்றால் சுயாதீனமான விசாரணை கேட்கலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 40 வீதமோ அதற்கு மேலோ இயலாமை உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அயலிலுள்ள பாடசாலையிலோ விரும்பிய விசேட பாடசாலையிலோ இலவசமாகப் படிக்கிற உரிமையைத் தருகிறது. அந்த நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் இருந்தும் அங்கே பெற்றோர் வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் வழக்குப் பேச அவர்களின் கையில் ஒரு எழுத்து இருக்கிறது.

எங்கட விசேட கல்வி ஆசிரியர்களும் தனியாள் கல்வித் திட்டம் பற்றிப் படித்தவர்கள்தான். சில அலகுகளில் அக்கறையோடு தயாரிக்கவும் செய்கினம். ஆனால் அது நல்ல ஆசிரியர் கிடைத்த அதிர்ஷ்டமாக இருக்கிறது, பெற்றோர் கேட்டு வாங்கக்கூடிய உரிமையாக 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அதனால் புதிய சட்டத்தில் குறைந்தது மூன்று விசயம் வேணும் என்கிறோம். ஒன்று, அனுமதி மறுத்தால் காரணத்தோடு எழுத்தில், குறித்த நாட்களுக்குள் தர வேண்டிய கடமை. இரண்டு, அனுமதித்த பிள்ளைக்கு எழுத்திலான கல்வித் திட்டம், அதைத் தயாரிக்கிற மேசையில் பெற்றோருக்கும், வயதுக்கேற்றபடி பிள்ளைக்கும் ஒரு கதிரை. மூன்று, கொழும்புக்கும் நீதிமன்றத்துக்கும் போக முதல், மாவட்டத்திலேயே தமிழில் முறையிட்டு விரைவாகத் தீர்வு பெறக்கூடிய ஒரு இடம்.

1945இல் இலவசக் கல்வி வந்ததை நாங்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்லுகிறோம். தோட்டத்திலும் குடிசையிலும் பிறந்த பிள்ளை டொக்டராக வந்த கதைகளைச் சொல்லுகிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கினம். போர் நடந்த எங்கட மண்ணில் ஷெல்லும் மிதிவெடியும் கூட்டிவிட்டுப் போன கணக்கும் உண்டு. நீங்கள் படித்த வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்று வருஷம், ஒவ்வொரு வருஷமும் ஒரு படம். அதில் எத்தனை பேர் வீல்செயாரில் இருக்கினம்? எத்தனை பேர் காதுக்கருவி போட்டிருக்கினம்? அந்தப் பிள்ளைகள் ஊரில் இல்லாமல் இல்லை. படத்தில்தான் இல்லை.

இதில் இளைஞர்களாகிய எங்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை. கடிதம் எழுதத் தெரியும். தகவல் கோரும் விண்ணப்பம் நிரப்பத் தெரியும். சுற்றறிக்கையை இணையத்தில் தேடி எடுக்கத் தெரியும். உங்கட ஒழுங்கையில் பாடசாலைக்குப் போகாமல் ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்குப் போங்கோ. அம்மா என்ன கேட்டவ, அவைக்கு என்ன சொன்னவை, எந்த நாள் சொன்னவை என்று எழுதி எடுங்கோ. கடிதத்தை எழுதிக் குடுங்கோ. அவை விரும்பினால் அதிபரிடம் கூடப் போங்கோ. ஒரு மாதக் கணக்கை ஞாபகப்படுத்துங்கோ. வழக்குத் தேவைப்பட்டால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணி தரும் என்று சொல்லுங்கோ.

தரம் ஒன்றுக்கான விண்ணப்பங்கள் ஒவ்வொரு வருஷமும் ஆண்டின் நடுப்பகுதியில் கோரப்படும். அடுத்த முறை அந்த நாலு வசனத்தில் ஒன்று உங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குச் சொல்லப்பட்டால், அவ எழும்பி வர முதல் மரியாதையாக ஒன்றைக் கேட்கட்டும்: "சேர், நீங்கள் சொன்னதை ஒருக்கா எழுத்தில தாங்கோ."